பத்து மணிச் சங்கு

ஆ ஹொக்கின் கார் கழுவும் கடையில்
சனிக்கிழமை ஆறு மணிக்குமேல் தண்ணீர் அடைப்பு.
ஈரம் காயாத சிமெண்டுத் தரையில்
நான்கு பலகை அடுக்கினால் மேடை.
நுரைக்குழாய் தொங்கிய கொக்கியில்
இப்போது என் மைக் வயர்.

பீடோங் முழுக்க எனக்குச் சவுண்டக்கா என்றே பெயர்.
திருவிழா, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம்,
தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும்
ஒரே ஒலிபெருக்கி.
கௌபாய்ப் பாட்டுக்கு வந்தது இந்த வருஷம்தான்.
வாடகை எண்பது வெள்ளி, சாப்பாடு தனி.

தொப்பியெல்லாம் பாசார் மாலாமில் வாங்கியது.
ஒன்றில் விலைச்சீட்டு இன்னும் ஆடுகிறது.
இங்கே யாரும் குதிரை ஏறியதில்லை.
ஏறியது ஹோண்டா கப்,
முன்கூடையில் சோற்றுக் கேரியர்.
ஆனாலும் குதிரை செத்துப்போகும் பாட்டுக்கு
செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் ஒருவர்
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
சாத்தே புகை, என்றார்.
அன்றைக்குச் சாத்தே கடை திறக்கவே இல்லை.

பாக் ருஸ்லி, தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர்,
மவுத் ஆர்கன் வாசிக்குமுன்
பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார்.
காற்று தப்புகிற இடம் தெரியாதபடி
அவருக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றி வைப்பேன்.

பாடுவது தவநேசன்.
மில்லில் பாய்லர் வேலை, பத்து மணி ஷிப்டு.
கித்தாரைத் தொடுமுன் கார் ஷாம்பு போட்டு
முழங்கை வரை தேய்த்துக் கழுவுவான்.
விரலில் எண்ணெய் இருந்தால்
இங்கிலீஷ் பாட்டு வழுக்கித் தமிழாகிவிடுமாம்.

அப்படி வழுக்கிய பாட்டு ஒன்று உண்டு.
மில் வாசல் நிறுவையில் சீட்டு எழுதும் பெண்ணிடம்
லோரி இல்லாமல் ஒருவன் வந்து நிற்கிறான்.
சரக்கு ஒன்றுமில்லை,
என்னை மட்டும் நிறுத்துச் சொல் என்கிறான்.
கடைசி அடியில் அவள் பதில்.
ஐந்து சனிக்கிழமையாக அந்த அடி வரவில்லை.
அதற்குள் மில் சங்கு ஊதிவிடும்,
அவன் ஹெல்மெட்டை எடுப்பான்.

நேற்று ஆறு கம்பியையும் தளர்த்திக் கட்டினான்.
சுருதி இறங்கியிருக்கு தம்பி, என்றேன்.
தெரியுங்க்கா, என்றான்.

பத்து மணி.
சங்கு எழுந்தது.
என் மிக்சரில் அதற்குப் பொத்தான் கிடையாது.
பாதிக் கூட்டம் நாற்காலியைத் தள்ளி எழுந்தது.
தவநேசன் எழவில்லை.
கம்பியை ஒருமுறை மீட்டினான்.
சங்கும் கித்தாரும் ஒரே இடத்தில் நின்றன,
ஊர் முழுக்கத் தம்பூரா போட்டதுபோல்.
அதற்கடியில் கடைசி அடியைப் பாடினான்.
உதடு அசைந்ததைப் பார்த்தார்கள்,
கேட்டவர் இல்லை.

எனக்கு ஹெட்போன் இருந்தது.

அவன் வண்டி ரப்பர் வரிசைக்குள் மறைந்தபின்னும்
பாக் ருஸ்லி மெட்டை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார்.
ஐந்தாம் மேசையில்
மகனின் மீ கோரெங்கில் மிளகாய் பொறுக்கியபடி இருந்த
நிறுவைக் கிராணி தமயந்தி
காசு கொடுக்க என் பக்கமாக வந்தாள்.
புருஷன் வெளியே கார் திருப்பிக்கொண்டிருந்தான்.

கடைசியில என்னக்கா பாடினாரு?

சங்குச் சத்தம்மா, எனக்கும் கேக்கல.

மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணினாள்.
அந்த நிறுவை பத்துப் பத்துக் கிலோவாத்தான் காட்டும்,
ஒரு ஆளு ஏறினாச் சரியாச் சொல்லாது, என்றாள்.
அப்புறம்,
அறுபது காட்டுச்சு.

வயரைச் சுருட்டினேன்.
ஆ ஹொக் தண்ணீரைத் திறந்துவிட்டான்,
மேடை நின்ற இடம் முதலில் நனைந்தது.
கித்தார் என் வேனில்தான் வந்தது.
தோட்டத்துச் சாலையில் பள்ளத்துக்குப் பள்ளம்
தளர்ந்த கம்பிகள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தன.
முறுக்கி வைத்திருக்கலாம்.
வைக்கவில்லை.